மாமா பேரில் ஓர் ஊர்

மூன்றாம் பண்ணை என்கிற ஊருக்கு மருமகளாக வந்த முதல் குளிர்காலத்திலேயே சல்கினாய் ஊர் சிரிக்கும்படி ஒரு காரியம் செய்துவிட்டாள். வெளியே முழங்கால் அளவு பனி. உள்ளே அடுப்பு அணைந்து கிடந்தது. பக்கத்து வீட்டில் நாலு வறட்டி கேட்டு வாங்கி வா என்று மாமியார் அனுப்பினாள். சொன்னவளுக்கு அது சின்ன வேலை. போனவளுக்கு அல்லவா அதன் கஷ்டம் தெரியும்!

மாமனார் பெயர் தெசெக்பாய். தெசெக் என்றால் வறட்டிதான், வேறு அர்த்தம் எதுவும் கிடையாது. மருமகளாக வந்தவள் மாமனார் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, அந்தப் பெயருக்குள் இருக்கிற சொல்லையும் சொல்லக் கூடாது. மற்ற வீட்டு மருமகள்களுக்கு நல்ல காலம். ஒருத்தியின் மாமனார் பெயரில் சிங்கம் இருந்தது, இன்னொருத்தியின் மாமனார் பெயரில் எஃகு இருந்தது. மாட்டுப் பண்ணையில் சிங்கத்தைப் பற்றி யார் பேசப் போகிறார்கள்? சல்கினாய்க்கு வாய்த்ததோ வறட்டி. காலையில் டீ கொதிப்பதும் அதில்தான், ராத்திரி குளிர் காய்வதும் அதில்தான், வெயில் காலம் முழுக்கத் தட்டிக் காய வைப்பதும் அதைத்தான்.

பக்கத்து வீட்டு வாசலில் நின்று அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். குச்சுக்கின் பெண்டாட்டி கதவைத் திறந்தாள்.

"எங்க மாமா பேர்ல நாலு குடுங்க மதினி" என்றாள் சல்கினாய்.

"உங்க மாமா பேர்லயா? அதுக்கென்ன, பெரிய மனுஷர் பேரைச் சொல்லிக் கேக்கற. தாராளமா எடுத்துக்க" என்று அவள் நாலு முட்டையைக் கொடுத்து அனுப்பினாள்.

அணைந்த அடுப்பின் முன்னால் நாலு முட்டையோடு வந்து நின்ற மருமகளைப் பார்த்து மாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்று முதல் சல்கினாய் வறட்டியை 'எரியறது' என்றுதான் சொன்னாள். மாமியார் போய்ச் சேர்ந்தாள், பிள்ளைகள் வளர்ந்து நகரத்துக்குப் போனார்கள், சல்கினாய்க்கும் காதோரம் நரைத்தது. எரியறது எரியறதாகவே இருந்தது.

ஊருக்கு வந்த கஷ்டமும் ஒரு பெயர்க் கஷ்டம்தான். அந்த மலைநாட்டில் மற்ற ஊர்களுக்கெல்லாம் முன்னோர் உண்டு. ஏதோ ஒரு வீரன் ஏதோ ஒரு குதிரையை விட்டு இறங்கி ஏதோ ஒரு ஊற்றில் தண்ணீர் குடித்திருப்பான், அவன் பெயர் ஊருக்கு நின்றிருக்கும். மூன்றாம் பண்ணைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கூட்டுப் பண்ணைக் காலத்தில் நாலு தொழுவம் கட்டினார்கள், ஒரு குளியல் கொட்டகை கட்டினார்கள், மாடு பார்க்க நாலா பக்கத்திலிருந்தும் ஆள் கூட்டி வந்தார்கள், ஊராகிவிட்டது. ஊரில் பாதிக் கிழவர்கள் ஊரைவிட மூத்தவர்கள். ரொம்ப நாள் அங்கே இடுகாடுகூட இல்லை. முதலில் செத்தவருக்கு ஊரே பெருமையாக வந்து இடம் பார்த்துக் கொடுத்தது.

தொழுவம் அந்த இடத்தில் வந்ததற்குக்கூட ஒரு மாடுதான் காரணம். வரைபடத்தின்படி பண்ணை ஆற்றுக்கு அந்தப் பக்கம், காற்றுப் படாத சரிவில் வந்திருக்க வேண்டும். மீசை அரும்பிய வயதில் தெசெக்பாய் பண்ணையின் முதல் பொலிகாளையை ஓட்டிக்கொண்டு வந்தார். காளையின் பெயர் மார்ஷல். மார்ஷல் ஆற்றுக்கு இந்தப் பக்கம் வந்ததும் படுத்துக்கொண்டது. அடித்தார்கள், உப்புக் காட்டினார்கள், ஒரு பசுவைக்கூடக் கொண்டுவந்து ஆசை காட்டினார்கள். எழுந்திருக்கவில்லை. கடைசியில் அதிகாரிகள் வரைபடத்தில் இருந்த புள்ளியை அழித்து மார்ஷல் படுத்த இடத்தில் வைத்தார்கள். அதனால்தான் மூன்றாம் பண்ணையில் காற்று வருஷம் முழுக்கச் சுழன்று அடிக்கிறது. தலையில் இருக்கிற தொப்பி பறக்கும்போதெல்லாம் ஊர்க்காரர்கள் மார்ஷலைத் திட்டுவார்கள்.

முதல் பண்ணையும் இரண்டாம் பண்ணையும் இப்போது இல்லை. கூட்டுப் பண்ணை கலைந்து மாடுகளைப் பங்கு போட்ட காலத்தில் அவர்கள் முந்திக்கொண்டு நல்ல பெயர் வைத்துக்கொண்டார்கள். முதல் பண்ணை பொன்வெளி ஆயிற்று, இரண்டாம் பண்ணை பாக்கியம் ஆயிற்று. போர்டில் பெயிண்ட் காய்வதற்குள் சனங்கள் நகரத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். இப்போது அங்கே கூரைத் தகரம்கூட இல்லை. மூன்றாம் பண்ணைதான் எப்படியோ தப்பிப் பிழைத்து, ஒன்றும் இரண்டும் இல்லாத மூன்றாக நின்றது.

இதை வைத்துக் கேலி பேசவே பிறந்தவன் போல ஒருத்தன் இருந்தான். பக்கத்து ஊரான ஆக்-புலாக்கைச் சேர்ந்த பெக்தூர். அந்தப் பாதையில் ஓடுகிற ஒரே வேன் அவனுடையது. "தொழுவத்துக்காரங்கல்லாம் இறங்குங்க! கயித்தை அவுத்துட்டு இறங்குங்க!" என்று கத்துவான். வேறு வேன் இல்லாததால் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இறங்குவார்கள்.

அதனால்தான் ஊருக்கு நல்ல பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று மேலிடத்திலிருந்து தகவல் வந்ததும் ஊர் மன்றத்தில் கூடாதவர் பாக்கி இல்லை. மன்றத்தின் சாவியும் அடுப்பும் சல்கினாய் பொறுப்பு. ஒரு கூடை 'எரியறதை'க் கொண்டுவந்து வைத்து அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர்த்தலைவர் ரிஸ்கெல்டி தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஆளாளுக்கு யோசனை சொல்லுங்க. அமைதியா ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றார்.

ஆளாளுக்குச் சொன்னார்கள். எல்லாருக்கும் ஒரு தாத்தா இருந்தார். குச்சுக்கின் தாத்தா கழுகு வளர்த்தவர். கணக்கர் தாஷ்தான்பெக்கின் தாத்தா ஒரே மூச்சில் ஒரு வாளி மோர் குடித்தவர். வடக்கேயிருந்து வந்தவர்கள் வடக்கத்தித் தாத்தா வேண்டும் என்றார்கள், மேற்கேயிருந்து வந்தவர்கள் மேற்கத்தித் தாத்தா வேண்டும் என்றார்கள். ஒருத்தரின் தாத்தா இன்னொருத்தரின் தாத்தாவிடம் குதிரை திருடினார் என்கிற பழைய விஷயமும் வெளியே வந்தது. கைகலப்புக்குத் தொப்பிகள் கழன்றன.

"நிறுத்துங்கய்யா!" என்று தலைவர் மேசையைத் தட்டினார். "செத்தவங்க யாரும் வேண்டாம். உசுரோட இருக்கறவர் ஒருத்தர் இருக்காரு. இந்த மண்ணை முதல்ல மிதிச்சவரு. கூடப் பொறந்தவங்க கிடையாது, சொந்தபந்தம்னு பெரிசா யாரும் கிடையாது. அவரால எந்தக் கூட்டத்துக்கும் லாபமும் இல்ல, நஷ்டமும் இல்ல. நம்ம தெசெக்பாய் ஐயா! தெசெக்பாய்னு ஊருக்குப் பேரு வெச்சா என்ன?"

மன்றத்தில் ஒரே சலசலப்பு. அப்புறம் கைதட்டல். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கிழவர் பாதிச் செவிடு. "என்ன? யாரு?" என்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கேட்டார். யாரோ காதில் கத்தினார்கள். கிழவரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்ததை அடுப்புப் பக்கத்திலிருந்தே சல்கினாய் பார்த்தாள். அவள் மட்டும் கைதட்டவில்லை.

ஏனென்றால் அந்த மன்றத்தில் அந்தப் பெயரின் அர்த்தம் உறைத்தது அவள் ஒருத்திக்குத்தான். மற்றவர்களுக்கு அது காலம் காலமாகக் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த பெயர். சொன்னால் கிழவரின் முகம்தான் கண்ணில் வரும். சல்கினாய்க்கோ அந்தச் சொல் வழியில் கிடக்கிற கல். இத்தனை வருஷமாக நாளுக்கு இருபது தடவை அதைச் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறாள். தொழுவம் என்று கூப்பிட்டதற்கே கூசிப்போன ஊர் இப்போது வறட்டி என்று பெயர் வைத்துக்கொள்ளப் போகிறது. பெக்தூர் விடுவானா? இந்த வயதில் கிழவரை வட்டாரம் முழுக்கச் சிரித்தே சாகடித்துவிடுவார்களே!

எழுந்து சொல்லலாம். என்ன சொல்வது? அந்தச் சொல்லைச் சொல்லாமல் அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது? மாமனார் வேறு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். தவித்துப் போன சல்கினாய் கூடையிலிருந்து பெரிய வறட்டி ஒன்றை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். இதைப் பாருங்கள், இதையா ஊருக்கு வைக்கிறீர்கள் என்று கண்ணாலேயே கேட்டாள்.

"போடும்மா போடு, குளிருது" என்றார் தலைவர்.

அவள் கையை இறக்கவில்லை. வறட்டியை ஆட்டினாள்.

"ஓ, ஓட்டா? பாருங்கய்யா, அந்த வீட்டு மருமகளே கை தூக்கிட்டா. வேற யாரும் பாக்கி உண்டா? இல்ல. ஏகமனசா நிறைவேறிச்சு!"

இப்படியாக, ஊருக்கு அந்தப் பெயர் வேண்டாம் என்று சொல்ல எழுந்த ஒரே ஆளின் கையும், கையில் வறட்டியோடு, ஆதரவுக் கணக்கில் சேர்ந்தது.

வீட்டுக்கு வந்து புருஷனைப் பிடித்துக்கொண்டாள். மெதெர் நல்ல மனுஷன், மாடு மாதிரி சாது; பேச்சும் அந்த அளவுதான்.

"உங்கப்பா பேருக்கு என்ன அர்த்தம், சொல்லுங்க பார்ப்போம்."

"அப்பா பேருக்கு அர்த்தமா?" மெதெர் யோசித்தான். "அப்பாதான்."

"அதில்லைய்யா. அந்தச் சொல்லுக்கு."

"எந்தச் சொல்லுக்கு?"

"நான் சொல்ல முடியாத சொல்லுக்கு!"

"நீ சொல்லாத சொல்லுன்னு ஒண்ணு இருக்கா?" என்று கேட்டுவிட்டு மெதெர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

கிழவர் கண்ணாடி முன்னால் நின்று வெள்ளைக் கம்பளித் தொப்பியைச் சரி செய்துகொண்டிருந்தார். மார்ஷலுக்காகப் பண்ணை கொடுத்த பதக்கத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்து வைத்திருந்தார். "மருமகளே, போர்டு எங்க வெப்பாங்க? ரோட்டுலயா? வேன்ல போறவன் கண்ணுல படற மாதிரி வெக்கச் சொல்லு" என்றார்.

"மாமா, இந்த ஊருக்கு வேற எதாச்சும் பேரு... மலைப் பேரு, ஆத்துப் பேரு மாதிரி வெச்சா..."

கிழவர் திரும்பிப் பார்த்தார். பாதிச் செவிடாக இருந்தாலும் அது மட்டும் கேட்டுவிட்டது. "ஏம்மா? என் பேரு நல்லா இல்லையா?" என்று கேட்டார். கேட்ட குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது.

சல்கினாய் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த மனுஷன் அவளை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகும்போது பனியில் முன்னால் நடந்து பாதை போட்டவர் அவர். "ரொம்ப நல்லா இருக்கு மாமா" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாமியார் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. கிழவருக்கு முன்னால் அந்த வீட்டில் இரண்டு ஆண் பிள்ளைகள். ஒன்றுக்குக் கான் என்று முடிகிற பெயர், இன்னொன்றுக்குச் சுல்தான் என்று தொடங்குகிற பெயர். இரண்டும் தொட்டிலிலேயே போயின. மூன்றாவது பிறந்தபோது தாய்க்காரி அழுதுகொண்டே வெளியே பார்த்தாளாம். வாசலில் வறட்டி காய்ந்துகொண்டிருந்ததாம்.

பயந்தபடியே மறுநாளே ஆரம்பித்துவிட்டது. தயிர் வாளியோடு சந்தைக்குப் போய்த் திரும்பிய சல்கினாயை வேன் கண்ணாடியில் பார்த்துப் பெக்தூர் பல்லைக் காட்டினான்.

"என்ன அக்கா, புதுப் பேராமே? வறட்டியூரா? இனிமே உங்க ஊர்க்காரங்க கொடி ஏத்த வேண்டாம், தட்டிச் சுவத்துல ஒட்டினாப் போதும்!"

வேனில் இருந்த வெளியூர்க்காரர்களெல்லாம் சிரித்தார்கள்; மூன்றாம் பண்ணை ஆள் அன்று அவள் ஒருத்திதான்.

"வறட்டி ராஜா எப்படி இருக்காரு? நல்லாக் காஞ்சுட்டாரா?"

சல்கினாய் எழுந்து வேனை நிறுத்தச் சொன்னாள். இறங்கும்போது வாளியில் மிச்சமிருந்த தயிரை அவன் முன்கண்ணாடியில் அப்படியே சாய்த்துவிட்டு, காற்றில் தலைத்துணியைப் பிடித்துக்கொண்டு ஊர் வரைக்கும் நடந்தே வந்தாள். தயிர் வீணானது பற்றி அவளுக்குத் துளியும் வருத்தமில்லை. வேன் ஓட்டி ஒருத்தன் வாயை அடைக்கத் தயிர் போதும். வட்டாரத்தின் வாயை எதைக் கொண்டு அடைப்பது?

அதற்கு மறுநாள் தலைநகரத்திலிருந்து பெயர் விசாரிக்கிற அதிகாரி அம்மாள் வந்தபோது காற்று இன்னும் மோசம். க்ளாரா என்று பெயர், வயதானவள், வந்ததிலிருந்து கைகளை அடுப்பிலிருந்து எடுக்கவில்லை. நல்ல மாதிரியாகத்தான் இருந்தாள். ஆட்டுத் தலையை வேக வைத்து மரியாதையாக முன்னால் வைத்தார்கள். பொரித்த மாவு உருண்டைகளும் டீயும் வந்தன. முன்வரிசையில் கிழவர் தொப்பியும் பதக்கமுமாக, கல்யாண மாப்பிள்ளைபோல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"சரி, பேரு தெசெக்பாய்" என்றாள் க்ளாரா. "பேருக்கு அர்த்தம் என்னன்னு கேட்டுக்கணும். எல்லா ஊர்லயும் கேக்கறதுதான்."

"அர்த்தம்னா..." தலைவர் ரிஸ்கெல்டி நிமிர்ந்தார். "தெசெக்பாய்னா, வந்து, பெரிய மனுஷர். தீரர். தெசெக்குன்னா..."

நின்றுவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது. கண் மட்டும் மெல்லச் சுழன்று சல்கினாயின் கூடையில் போய் நின்றது.

"தெசெக்குன்னா வறட்டிதானே?" என்றாள் க்ளாரா, டீயை உறிஞ்சிக்கொண்டே.

மன்றமே கூடையைத் திரும்பிப் பார்த்தது. முதலில் வெடித்தது குச்சுக்தான். தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அவனைப் பார்த்து அவன் பெண்டாட்டி சிரித்தாள், அப்புறம் மன்றமே சிரித்தது. "வறட்டியூர்! ஐயோ, நம்மளே கை தூக்கிட்டமே!" என்று பெஞ்சில் புரண்டார்கள்.

தலைவர் முகம் பீட்ரூட் ஆனது. "இருங்க, இருங்க! இது தெரியாம நடந்துபோச்சு அம்மா. வாபஸ் வாங்கிக்கறோம். வேற பேரு சொல்லுங்கய்யா, சீக்கிரம்! நல்ல பேரா!"

"பொன்மலை!"

"பூஞ்சோலை!"

"பொன்பூஞ்சோலை!"

ஒரு மரம்கூட நிற்காத ஊரில் சோலை என்று கத்தினார்கள்.

கிழவர் எழுந்தார். பதக்கத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். "எனக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று யாரிடமோ சொல்லிவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி, பெஞ்சுகளுக்கு நடுவே வாசலைப் பார்த்து நடந்தார். முதுகு இன்னும் விறைப்பாகத்தான் இருந்தது. மாட்டுக்கு மெதெர் காலையிலேயே தண்ணீர் காட்டியாயிற்று என்பது சல்கினாய்க்குத் தெரியும்.

அவள் அடுப்பை விட்டு எழுந்தாள். "மாமா!" என்று கூப்பிட்டாள். சிரிப்புச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. "மாமா, நில்லுங்க!" கேட்கவில்லை. கை வாசல் கதவில் பட்டுவிட்டது.

"தெசெக்பாய்!"

மன்றத்தின் கூரைத் தகரம் அதிர்ந்தது. இத்தனை வருஷம் தொண்டையில் அடைத்து வைத்திருந்த சொல் அல்லவா, ஒரேயடியாக வந்தது.

"வந்தேன்!" என்று கிழவர் பட்டாளத்து ஆள் மாதிரி திரும்பி நின்றார். பண்ணையில் தினமும் பெயர் கூப்பிட்டபோது சொன்ன பழக்கம். காது மறந்தாலும் வாய் மறக்கவில்லை.

சிரித்தவர்கள் சிரித்த வாயோடு அப்படியே நின்றார்கள். மருமகள் மாமனார் பெயரைச் சொல்லிவிட்டாள். அதுவும் ஊர் நடுவில், அவர் முகத்துக்கு நேராக, மாட்டைக் கூப்பிடுகிற மாதிரி. பின்னால் ஒரு கிழவி வாயில் துணியை வைத்துக்கொண்டாள். தான் செய்தது பெரிய தப்பு என்று சல்கினாய்க்கே தெரியும். ஆனால் வாய் திறந்தாயிற்று, இனி மூடுவதில் என்ன இருக்கிறது?

"குச்சுக் அண்ணே, ரொம்பச் சிரிச்சீங்களே. உங்க பேருக்கு என்ன அர்த்தம்? சொல்லுங்க, சபை கேக்கட்டும்."

"அது... சும்மா ஒரு பேரும்மா."

"நாய்க்குட்டி!" என்று அவன் பெண்டாட்டியே சொல்லிவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவளுக்கும் இப்போதுதான் அது உறைத்தது.

"கணக்கர் ஐயா, நீங்க? தாஷ்தான்பெக்."

கணக்கர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "தூக்கி எறிஞ்ச பையன்" என்றார் மெல்ல. "என் அண்ணனுங்க தங்கல. அதனால எங்கம்மா என்னைக் குப்பையில போட்டுட்டு, பக்கத்து வீட்டம்மாவை எடுத்து வரச் சொன்னாங்களாம்."

"என் பேரு தொக்தோசுன். நிக்கட்டும்னு வெச்சது" என்று ஒருத்தர் தானாகவே எழுந்து சொன்னார். இன்னொருத்தர், "எங்கப்பா பேரு சத்திபால்தி. விலைக்கு வாங்கின பிள்ளைன்னு சாவை ஏமாத்தறதுக்கு!" என்றார். மன்றம் முழுக்கத் தங்கள் பெயரைத் தாங்களே முதல் தடவை கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தது.

"எங்க மாமாவுக்கு முன்னாடி ரெண்டு பிள்ளைங்க" என்றாள் சல்கினாய். "ராஜா பேரு வெச்சாங்க. ரெண்டும் தொட்டிலோட போச்சு. மூணாவதுக்கு இந்தப் பேரு. சாவு வந்து எட்டிப் பார்த்தா மூக்கைப் பொத்திக்கிட்டுப் போகட்டும்னு. போயிடுச்சில்ல? எம்பது வயசாகுது, இன்னும் மாட்டுக்குத் தண்ணி காட்டறேங்கறாரு!" அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஒண்ணாம் பண்ணைக்கு என்ன பேரு வெச்சீங்க? பொன்வெளி. எங்க பொன்னு? ரெண்டாம் பண்ணை பாக்கியம். எங்க அந்தப் பாக்கியம்? கூரைத் தகரத்தைக்கூடப் பேத்துக்கிட்டுப் போயாச்சு. ரெண்டு போன வீட்டுல மூணாவதுக்கும் போய்ப் பொன்னும் பூவும் வெக்கறீங்களே, உங்களுக்குப் பிள்ளை வளக்கத் தெரியுமா? இது நேத்துப் பொறந்த ஊரு. இதுக்குப் பிழைக்கிற பேரா வையுங்க!"

சொல்லி முடித்ததும் தான் எங்கே நிற்கிறோம், யார் முன்னால் நிற்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தது. தலைத்துணியை முகத்துக்கு இழுத்துக்கொண்டு சட்டென்று அடுப்பு முன்னால் உட்கார்ந்து, கைக்கு வந்த வறட்டிகளை எல்லாம் உள்ளே திணித்தாள். அடுப்பு குப்பென்று புகைந்தது. மன்றம் இருமியது.

முதலில் கை தூக்கியது குச்சுக். "நாய்க்குட்டி ஓட்டு ஒண்ணு" என்றான். அப்புறம் தூக்கி எறிந்த பையன் தூக்கினார், நிக்கட்டும் தூக்கினார். தலைவர் சுற்றும் முற்றும் பார்த்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று புரிந்துகொண்டு, இரண்டு கைகளையும் தூக்கினார். க்ளாரா அம்மாள் புகையிலோ வேறெதிலோ கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, இதையே நான் கொண்டுபோறேன். இன்னொரு டீ கிடைக்குமா?" என்றாள்.

கிழவர் மட்டும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். சல்கினாய் என்ன பேசினாள் என்று அவருக்குப் பாதிதான் கேட்டிருந்தது. "என்ன முடிவாச்சு?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். காதில் கத்திச் சொன்னார்கள். அவர் பையிலிருந்து பதக்கத்தை எடுத்தார். அதன் ஊசி சட்டையில் ஏறவில்லை. தொக்தோசுன் குத்திவிட்டார்.

அன்று மாமனாரும் மருமகளும் சேர்ந்தே வீட்டுக்கு நடந்தார்கள். தொழுவத்துப் பக்கம் வந்ததும் கிழவர் உள்ளே போய், அந்த வருஷம் பிறந்த பெட்டை ஆட்டுக்குட்டிகளில் நல்லதாக ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தார். பெயர் சொல்ல அனுமதி கொடுக்கிற மாமனார் மருமகளுக்கு ஏதாவது கொடுப்பது வழக்கம்.

"இனிமே நீ சொல்லலாம்மா. தடை இல்ல" என்றார். கொஞ்சம் நின்று, "இன்னொரு தடவை சொல்லேன். அப்ப சரியா காதுல விழல" என்றார்.

"மாட்டேன் மாமா" என்றாள் சல்கினாய். ஆனால் ஆட்டுக்குட்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

போர்டு வந்தது. ரோட்டோரத்தில், வேனில் போகிறவன் கண்ணில் படுகிற மாதிரியே நட்டார்கள். பெக்தூர் கொஞ்ச நாள் கத்திப் பார்த்தான். "வறட்டியூரெல்லாம் இறங்குங்க" என்று அவன் சொன்னால், "இறங்கிட்டோம், உன் வேனுல அனல் கொறைஞ்சிருக்கும் பாரு" என்று குச்சுக் பதில் சொல்ல ஆரம்பித்ததும் அவனுக்குச் சுவை போய்விட்டது. பனிக்காலத்தில் போர்டு எழுத்து மறைந்துவிடும். கிழவர் தினமும் நடந்து போய்த் தன் தொப்பியாலேயே துடைத்துவிட்டு வருவார்.

வசந்தத்தில் ஒரு நாள் கன்றுக்குட்டி ஒன்று பச்சைப் புல்லைத் தின்றுவிட்டு வயிறு ஊதிக் கிடந்தது. மெதெர் மலையில் இருந்தான். சல்கினாய் மாட்டு டாக்டருக்குப் போன் போட்டாள். டாக்டர் வட்டாரத்துக்குப் புதுசு.

"எந்த ஊரும்மா?"

"ஆத்துக்கு இந்தப் பக்கம், காத்து அடிக்கிற ஊரு."

"இங்க எல்லா ஊர்லயும் காத்துதான் அடிக்குது. பேரைச் சொல்லும்மா."

தடை இல்லை, குட்டியும் வாங்கியாயிற்று. பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தும்விட்டது. சல்கினாய் திரும்பிப் பார்த்தாள். கிழவர் கன்றின் வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாமா! டாக்டர் பேரு கேக்கறாரு. நீங்களே சொல்லுங்க."

கிழவர் எழுந்து தொப்பியைச் சரி செய்துகொண்டார். போனை இரண்டு கையாலும் வாங்கினார்.

"என் பேரைக் கேக்கறாரா, ஊர் பேரைக் கேக்கறாரா?"

"ரெண்டும் ஒண்ணுதானே மாமா."

கிழவர் போனை வாய்ப் பக்கம் கொண்டுபோனார். அப்புறம் நெஞ்சை நிமிர்த்தி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கிற மாதிரி, "தெசெக்பாய்!" என்றார். சொல்லிவிட்டு மார்ஷல் படுத்த கதையை ஆரம்பித்தார். டாக்டரின் வண்டி வாசலில் வந்து நின்றபோது கதையில் மார்ஷலுக்கு இன்னும் பசுவைக் காட்டவில்லை. கன்று மட்டும் கதை கேட்டுச் சலித்தோ என்னவோ, தானே எழுந்து நின்று, டாக்டரின் காலடியில் ஊருக்குப் பெயர் தந்த அந்தப் பொருளை ஏராளமாகப் போட்டுவிட்டுப் போனது.